சம்பந்தியம்மாவுக்கு விழுந்த திட்டு

அத்தியாயம் 14

தேவகி நாலு புடவையை மடித்துப் பையில் திணித்து, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளே, அது வியாழக்கிழமை ராத்திரி. போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். இப்போது வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணி. ஆடி வெள்ளி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் மாகறல் பஸ்ஸைப் பிடித்து சொந்த ஊருக்கே போய்விடுவது என்று தீர்மானம். யாரிடமும் சொல்லவில்லை. மகள் அனுவிடம் சொன்னால் மூக்கைச் சிந்துவாள். மாப்பிள்ளை முத்துக்குமாரிடம் சொன்னால், "எங்க வீட்டுல உங்களுக்கு இன்னா கொறை அத்தை?" என்று கேட்பான். ஒரு குறையும் இல்லை. அதுதானே வம்பே! அதை எந்த வாயால் சொல்வாள், பாவம்?

புருஷன் ஆதிகேசவன் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம். மாகறலில் தனியாக இருந்தவள் சித்திரை மாசத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். "கை கூடுற வரைக்கும் எங்க வீட்டுல இரும்மா" என்று அனு பிடிவாதமாகப் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிவந்தாள். எங்க வீடு என்றால் அனுவின் மாமியார் ஏலவார்குழலியின் வீடு. மாவுக்கட்டைப் பிரித்தே ஒன்றரை மாசம் ஓடிவிட்டது. பொண்ணைக் கொடுத்த வீட்டில் மூன்று மாசமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் தேவகி.

உட்கார்ந்து என்றால் நிஜமாகவே உட்கார்ந்துதான். கூடத்தில் இரண்டு தறி. அதைத் தாண்டி ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மெத்தை. அது தேவகியின் இடம். காலையில் முதல் காபி அவளுக்கு. முதல் வெந்நீர் அவளுக்கு. தின்ற தட்டைத் தானே கழுவலாம் என்று எழுந்தால் ஏலவார்குழலி ஓடிவந்து பிடுங்குவாள். "ஐயையோ, நீங்க எதுக்கு சம்பந்தியம்மா! குடுங்க குடுங்க!" ஒரு நாள் கீரை ஆய்ந்து தருகிறேன் என்று முறத்தை எடுத்தாள். ஏலவார்குழலிக்கு முகமே வெளுத்துவிட்டது. "கை வலிக்கப் போவுது சம்பந்தியம்மா" என்று முறத்தை மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டாள்.

டிவி ரிமோட்டும் தேவகியிடம்தான். இந்த வீட்டில் என்ன பார்ப்பார்களோ என்று பயந்து முதல் நாள் பக்திச் சேனல் ஒன்றை வைத்தாள். அன்று முதல் இன்றுவரை அந்த வீடு முழுக்க பஜனை கேட்டுக்கொண்டிருக்கிறது.

தறி ஓடுகிற தெருவில் எல்லாருக்கும் தொண்டை கொஞ்சம் பெரிசு. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழக்கம். பக்கத்து வீட்டு மாணிக்கவேல் பெண்டாட்டியிடம் உப்பு கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் தேவகியிடம் மட்டும் எல்லாரும் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வந்தவர்கள் போலக் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் உள்ளே நுழைந்தால் மாமியாரும் மருமகளும் போட்டுக்கொண்டிருந்த சண்டை அப்படியே பாதியில் நின்றுவிடும். மூன்று மாசத்தில் தேவகிக்கு மூச்சு முட்டிப்போய்விட்டது.

சரி, போவதுதான் போகிறோம், சாப்பிட்ட வீட்டுக்கு ஒரு நாளாவது கையால் ஏதாவது செய்துவிட்டுப் போவோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆடி வெள்ளி. வாசலுக்குச் சாணி தெளித்து, நன்றாக நாலு இழைக் கோலம் போட்டுவிட்டால்? இந்த வீட்டில் குழாய்த் தண்ணீரைத்தான் தெளிக்கிறார்கள். சாணி எங்கே கிடைக்கும் டவுனில்? முந்தின நாள் சாயந்திரம் அடுத்த தெருப் பால்காரர் வீட்டில் கேட்டு வாங்கி, கொல்லைக் குழாயடியில் மறைத்து வைத்திருந்தாள். திருட்டுத்தனம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் செய்த திருட்டுத்தனம்.

வாளியில் கரைத்துக்கொண்டு, யாராவது எழுந்துவிடப் போகிறார்களே என்று பக்கத்துச் சந்து வழியாகப் பூனை மாதிரி வாசலுக்கு வந்தாள்.

அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

வீட்டில் எல்லாரும் அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்கள். மழை வரும் போலிருக்கிறது என்று சம்பந்தி குப்புசாமி நாலரைக்கே தெருவில் பாவு இழுத்துக் கட்டிவிட்டார். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் முழு நீளத்துக்கும் நீட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி நீவிக் காயவைப்பார்கள். வழக்கமாக ஆறு மணிக்கு மேல்தான், வெளிச்சம் வந்த பிறகு. அதனால் தேவகிக்கு அந்த நினைப்பே இல்லை. தெருவிளக்கு வேறு நாலு நாளாக எரியவில்லை. குப்புசாமியும் முத்துக்குமாரும் மாணிக்கவேலும் தெருவின் அந்தக் கோடியில் செல்போன் வெளிச்சத்தில் எதையோ முடிந்துகொண்டிருந்தார்கள். பாவின் இந்தக் கோடி நம்ம வீட்டு வாசலுக்கு நேரே இடுப்பு உயரத்தில் நின்றது. பாதாம் நிறப் பட்டு. ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று புடவை.

தேவகி குனிந்த தலை நிமிரவில்லை. மாகறலில் அவள் வீட்டு வாசல் களம் மாதிரி அகலம். அதைத் தெளித்துப் பழகிய கை. வாளியில் கையை விட்டு அள்ளி, தோளிலிருந்து ஒரு வீச்சு. சளார்! இன்னொரு வீச்சு. சளார்! எலும்பு நன்றாகவே கூடியிருந்தது.

மூன்றாவது வீச்சுக்குத் தரையில் சத்தம் வரவில்லை.

என்னடா இது என்று தேவகி நிமிர்ந்தாள். எதிரே இழை இழையாக ஏதோ அசைந்தது. சொட்டு சொட்டாக ஏதோ ஒழுகியது. அதே நேரம் கஞ்சிப் பாத்திரத்தோடு வீட்டுக்குள்ளிருந்து ஏலவார்குழலி வெளியே வந்தாள்.

பாவைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். தேவகியைப் பார்த்தாள்.

"ஏய்ய்ய்!"

அந்தக் கூப்பாட்டுக்கு மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது.

"அறிவிருக்குதாடி உனக்கு? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பாவு நிக்குதுடி, பாவு! பட்டு! அதுல போய்ச் சாணியக் கரைச்சி ஊத்துறியே! உன்ன யாருடி வாசத் தெளிக்கச் சொன்னது? சொல்லாம கொள்ளாம வாளியத் தூக்கிக்கினு வந்துட்டா! தெருவுல போற மாடு கூட பாவு கட்டியிருந்தா ஒதுங்கிப் போவும்டி!"

தேவகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ... நான்... தெரியாம..."

"தெரியாம இன்னாடி தெரியாம! மசமசன்னு நிக்காத! வாளியக் கீழ வெச்சிட்டு அந்தக் கொம்பப் பிடி! பிடிடின்றேன்! தளரவுட்டா சாணி இன்னும் உள்ள எறங்கிடும்!"

தேவகி ஓடிப்போய்ப் பாவின் ஓரத்துக் கொம்பைப் பிடித்தாள். ஏலவார்குழலி உள்ளே பாய்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாகத் திரும்பினாள். கிழித்து ஒரு துண்டைத் தேவகியின் முகத்துக்கு நேரே எறிந்தாள்.

"ஒத்தி எடு. தேய்க்காத. தேய்ச்சா இழை பஞ்சாப் பூடும். ஏய், அப்படி இல்லடி, மேலேருந்து கீழ! இத்தினி வயசாவுது, துணி பிடிக்கத் தெரியல!"

இந்தக் கோடிக்கு ஓடிவந்த ஆண்கள் மூன்று பேரும் அந்த வாய்க்குப் பயந்து நாலடி தள்ளியே நின்றார்கள்.

தேவகி ஒத்தி ஒத்தி எடுத்தாள். ஐயோ, கல்யாணப் பட்டாச்சே, பாழாக்கிவிட்டோமே என்று தவித்தாள். அதெல்லாம் சரி. ஆனால் அந்தத் தவிப்புக்கு நடுவிலே வேறு என்னமோ ஒன்று. காதில் அந்த 'டி' கணீர் கணீரென்று விழ விழ, மூன்று மாசமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. இந்த நேரத்தில் சிரித்தால் ஏலவார்குழலி வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்தினாள்.

விடிந்தது. குப்புசாமி குனிந்து, முழம் போட்டு அளந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு முழம்" என்றார். "அதுவும் கடைசி ரெண்டு முழம். பாதி எப்படியும் தறிக்கு எட்டாம வெட்டி எறியறதுதான். மீதியில கறை போயிடுச்சி பாரு. இன்னும் ரெண்டு வீடு தள்ளி இழுத்துக் கட்டியிருந்தா போச்சு, நடுப் புடவையில அடிச்சிருக்கும்."

"பொழைச்சோம்டா சாமி" என்று ஏலவார்குழலி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தேவகிக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்ற தண்ணீர்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்தா அனு வெளியே வரவேண்டும்!

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஏழு மணி வேனைப் பிடிக்கப் பாதி தலையைப் பின்னிக்கொண்டு வந்தவள், அம்மா சாணிக் கையோடு தெருவில் நின்று அழுவதைப் பார்த்தாள். மாமியார் வாசற்படியில் இருந்தபடி, "இன்னும் நின்னுக்கினு இருக்கா பாரு! போய்க் கைகாலக் கழுவுடி!" என்று அதட்டியதையும் கேட்டாள்.

போதாதா?

"அத்தை! யாரப் பாத்து டீ போட்டுப் பேசுறீங்க?"

"அனு, நீ உள்ள போ" என்றாள் தேவகி.

"நீ சும்மா இரும்மா! நடுத்தெருவுல வச்சி... எங்க அம்மாவ... ஒரு நாளாவது எங்க அம்மா உங்கள மரியாதை இல்லாம பேசியிருக்குமா?"

ஏலவார்குழலிக்கு அப்போதுதான் தான் பேசியது தனக்கே உறைத்தது. எழுந்து நின்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். முத்துக்குமார் பெண்டாட்டி பக்கம் ஓரடி வைத்தான், அம்மா பக்கம் ஓரடி வைத்தான். "நான் பாவப் பாக்கறதா, பஞ்சாயத்தப் பாக்கறதா?" என்று புலம்பிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கே போய்ச் சேர்ந்தான். சமர்த்து.

தேவகி குளித்துவிட்டு வருவதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. அம்மாவுக்கு மாற்றுப்புடவை எடுக்கப்போன அனு, பீரோவுக்குப் பின்னால் இருந்த பையைப் பார்த்துவிட்டாள். அதற்குள் மூட்டையும் கட்டிவிட்டாளா அம்மா! அவ்வளவுதான். வேனும் போச்சு, அன்றைய வேலையும் போச்சு. கூடுவாஞ்சேரியில் இருக்கிற அண்ணன் பாலாஜிக்குப் போன் போட்டு, "உடனே வண்டி எடுத்துட்டு வந்து அம்மாவக் கூட்டிக்கினு போ. இனிமே அம்மா ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது" என்று அழுதாள். கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் நின்ற ஏலவார்குழலி பையையும் பார்த்தாள், போனில் பேசியதையும் கேட்டாள்.

அன்று தறி ஓடவில்லை. பஜனையும் ஓடவில்லை. வீடு கம்மென்று கிடந்தது. சமையலறையில் மட்டும் வடை வேகிற வாசனை.

பன்னிரண்டு மணிக்கு ஏலவார்குழலி தேவகியின் எதிரில் வந்து நின்றாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு ரவிக்கைத் துணி. பின்னால் குப்புசாமி, கூப்பிய கையோடு. கதவோரம் அனு உர்ரென்று நின்றாள்.

"சம்பந்தியம்மா" என்று ஏலவார்குழலி ஆரம்பித்தாள். அதே பழைய குசுகுசுக் குரல். "காலையில கோவத்துல நாக்கு தடிச்சிப் பேசிட்டேன். நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். உங்க பிள்ளை வர்றதுக்குள்ள இலை போட்டுடறேன், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

தேவகி தாம்பாளத்தைப் பார்த்தாள். போச்சே! காலையில் கிடைத்தது அத்தனையும் போச்சே! மறுபடியும் முதல் காபி, முதல் வெந்நீர், மெத்தை போட்ட நாற்காலி. இந்தத் தாம்பாளத்தைக் கையில் வாங்கினால் ஆயுசுக்கும் அவள் இந்த வீட்டில் விருந்தாளிதான். அதற்கு நிஜமாகவே பஸ் ஏறிவிடலாம். வாங்காவிட்டால்? வீம்பு பிடித்த சம்பந்தி என்று பேராகும், அனுவின் வாழ்க்கையில் மண் விழும். என்ன செய்வாள்?

மனசு முடிவு செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அந்தத் தட்ட அப்பால வைடி!"

குப்புசாமியின் கூப்பிய கை அப்படியே நின்றது. அனு, "அம்மா!" என்றாள்.

"இன்னொரு வாட்டி மன்னிப்பு கின்னிப்புன்னே, பாத்துக்கோ!" தேவகி விரலை நீட்டினாள். "இன்னா தப்பு பண்ணிட்டே நீ? பட்டுல சாணிய ஊத்தினது நானு. திட்டாம கொஞ்சுவாங்களா? நானா இருந்தா வெளக்குமாத்தத் தூக்கியிருப்பேன்!"

"அப்புறம் எதுக்கு மூட்ட கட்டினீங்க?" ஏலவார்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் திட்டினேன்னுதானே?"

"நீ திட்டினது இன்னிக்கி. நான் கட்டினது நேத்து."

"நேத்தா? நேத்து நான் உங்கள ஒரு வார்த்த சொல்லலியே!"

"அதனாலதான்டி!"

இப்போது ஏலவார்குழலி திருதிருவென்று விழித்தாள்.

தேவகி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். மூன்று மாசத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "மூணு மாசமா ஒரு சொல்லு சொல்லலியே நீ. ஒரு வேல குடுக்கலியே. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவளக் கூட நர்ஸம்மா ரெண்டு அதட்டு அதட்டும். நான் உள்ள வந்தா நீங்கள்லாம் பேச்ச நிறுத்திடறீங்க. எனக்குப் பயமா இருந்துச்சிடி. எப்பப் போவான்னு பாக்குறாங்களோ, வாயத் தொறந்து சொல்ல முடியாம மரியாத பண்றாங்களோன்னு நெனச்சேன். காலையில நீ 'ஏய்'னு கத்தினே பாரு, அப்பாடான்னு இருந்துச்சி. இவளுக்கு நம்ம மேல கோவம்கூட வருது, அப்ப நம்மளும் இந்த வீட்டு மனுஷிதான்னு இருந்துச்சி. அதப் போய் மன்னிப்புக் கேட்டுக் கெடுக்கிறியே!"

ஏலவார்குழலி தாம்பாளத்தைத் தறிமேல் வைத்தாள். பட்டுப்புடவை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் தொப்பென்று எதிரில் உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி!" என்றாள். இப்போது அது அவளுடைய நிஜக் குரல். "உனக்கு மரியாத குடுத்துக் குடுத்து என் இடுப்பே விட்டுப்போச்சிடி! வெடியகாலம் நாலு மணிக்கு எழுந்து வெந்நி வெக்கிறது யாருக்கு? நாங்கள்லாம் பச்சத் தண்ணியில குளிக்கிறவங்க. எங்க வீட்டுக்காரரு ஏப்பம் விடறதுக்குக் கொல்லைக்குப் போறாரு, தெரியுமா உனக்கு?"

குப்புசாமி வேகமாகக் கையை இறக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"அப்புறம் அந்தப் பஜன! மூணு மாசமா நான் சீரியல் பாக்கலடி! எந்தப் பொண்ணுக்கு எவன் தாலி கட்டினான்னே தெரியல எனக்கு!"

"எனக்கு மட்டும் பஜன புடிச்சா பாக்கறேன்? உங்க வீட்டுல அதான் பாப்பீங்கன்னு நெனச்சேன்!"

"நாங்களா!"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. ஏலவார்குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த பிறகு, தேவகி கேட்டாள்:

"ஆமா, யாருடி உன்ன இப்படியெல்லாம் பண்ணச் சொன்னது?"

ஏலவார்குழலி கண்ணைக் கதவுப் பக்கம் காட்டினாள்.

"உன் பொண்ணுதான். எங்க அம்மா மனசு ரொம்ப மெல்லிசு அத்தை, ஒரு சொல்லு தாங்காதுன்னா. ஒரு வேல வாங்காதீங்கன்னா. உங்க சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கன்னா."

"இன்னாது! எங்கிட்ட, அங்க எதையும் தொட்டுடாதம்மா, அவங்க முறை வேற, அத்தைக்குப் புடிக்காதுன்னாளே!"

இரண்டு தலையும் சேர்ந்தாற்போல அனுவின் பக்கம் திரும்பின.

அனு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பின்ன நான் இன்னா பண்றது? எங்க கல்யாணத்தப்ப ரெண்டு வீடும் எட்டு மாசம் மூஞ்சில முழிக்காம இருந்தீங்களே, மறந்துட்டீங்களா? நான் புடிச்சவனக் கட்டிக்கினேன்னு நீ பேசல, அவங்க பேசல. இப்பத்தான் ஒரே வீட்டுல இருக்கீங்க. திரும்ப ஒரு வார்த்த முட்டிக்கிச்சின்னா நான் யாரு பக்கம் நிக்கிறது? தெனம் வேன்ல வரும்போது வயித்தக் கலக்கும்மா. இன்னிக்கி இன்னா நடந்திருக்குமோன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. ஏலவார்குழலி கையை நீட்டி அவளை இழுத்து நடுவில் உட்காரவைத்தாள்.

"லூசு" என்றாள். "நீ எதுக்குடி நடுவுல நிக்கிறே? நாங்க இன்னா கொழந்தைங்களா? முட்டிக்கிச்சின்னா முட்டிக்கிறோம். சாயந்திரம் காப்பி குடிக்கும்போது சேந்துக்கிறோம்."

"பத்து நாளு பேசாம இருந்தாத்தான் இன்னா கெட்டுப்போச்சி" என்றாள் தேவகி. "வேலைக்குப் போனமா, வந்தமான்னு இரு. அதிகப் பிரசங்கி."

இரண்டு அம்மாவும் மாற்றி மாற்றித் திட்ட, நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள் அனு. மூன்று மாசமாக அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வடை ஆறிப்போயிருந்தது. ஆறிப்போனதையே எல்லாரும் தரையில் உட்கார்ந்து தின்றார்கள். தேவகி தட்டைத் தானே கழுவினாள். கூடவே நாலு பேர் தட்டையும் ஏலவார்குழலி அவள் தலையில் கட்டினாள்.

"ஐயோ!" என்று திடீரென்று எழுந்தாள் அனு. "அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேனே!"

வரவேண்டாம் என்று சொல்லலாமென்று போட்டால், பாலாஜியின் போன் அணைத்துக் கிடந்தது. அண்ணி தேவிப்ரியாவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. பாலாஜி இறங்கினான். தாடி வளர்ந்திருந்தது. குப்புசாமி, "வாங்க தம்பி, வாங்க" என்று எழுந்து நின்றார்.

"கிளம்பும்மா, போலாம்" என்றான் பாலாஜி. கோபமாகச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். குரலில் அவ்வளவு கோபம் இல்லை.

"நான் எங்கடா வரப்போறேன்? நாளைக்குப் பாவுக்கு ஒரு கை கொறையுது" என்றாள் தேவகி.

"அனு அழுதுச்சே. உன்ன நடுத்தெருவுல..."

"அது காலையில. இப்ப சாயந்திரம் ஆயிடிச்சில்ல?"

"தேவகி!" என்று உள்ளேயிருந்து ஏலவார்குழலி கத்தினாள். "பேசிக்கினே நிக்கிறியே, பையனுக்குக் காப்பி போட யாரு வருவா, நானா?"

பாலாஜியின் முகம் சிவந்தது. "என்ன இது? எங்கம்மாவ வேலைக்காரி மாதிரி..."

"நீ வாய மூடிக்கினு உக்காருடா" என்றாள் தேவகி. சிரித்த முகமாகச் சமையலறைக்குள் ஓடினாள். பாலாஜி ஒன்றும் புரியாமல் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். அதில் உட்காரத்தான் இப்போது ஆள் இல்லையே.

அடுப்பில் பால் பொங்கியது. தேவகி டிகாக்ஷனை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஏலவார்குழலி கிட்டே வந்தாள். அன்றைக்கு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் பையன் கார எட்டிப் பாத்தியா?"

"இல்லியே. ஏன்?"

"பின் சீட்டு பூரா அவன் துணிமணி. தலகாணி கூட இருக்குது. சூட்கேசு ரெண்டு. உன்னக் கூட்டிக்கினு போறவன் எதுக்குடி தன் தலகாணியத் தூக்கிக்கினு வந்தான்?"

தேவகியின் கை நின்றது. தாடி. அணைத்து வைத்த போன். எடுக்காத மருமகள். "தேவிப்ரியா எப்படிடா இருக்கா?" என்று போன வாரம் போனில் கேட்டதற்கு, "ம்" என்று மட்டும் சொன்னானே!

"நீ கேக்குறியா, நான் கேக்கட்டா?" என்றாள் ஏலவார்குழலி.

"நீயே கேளு" என்றாள் தேவகி. "நான் கேட்டா ஒண்ணுமில்லம்மான்னுதான் சொல்லுவான். என் மனசு நோவக் கூடாதுன்னு அவனும் மூடி மூடி வெப்பான்."

ஏலவார்குழலி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கூடத்துக்கு வந்தாள். நாலு வருஷமாக அந்த வீட்டில் 'வாங்க தம்பி, உக்காருங்க தம்பி' தவிர வேறொன்றும் கேட்டறியாத பாலாஜி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் பாலாஜி!"

சட்டென்று நிமிர்ந்தான்.

"வூட்டுல இன்னாடா தகராறு?"

அதட்டல் கூடத்தை உலுக்கியது. அனு பதறிப்போய் மாமியாரின் கையைப் பிடிக்க வந்தாள், வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பாலாஜி கோபப்படவில்லை. எழுந்து போகவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அத்தை..." என்றான்.